பிடியைக் கழற்றும் முன் பிழையை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நம் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், புதிதாகக் கோல்ஃப் கற்றுக்கொள்கிறவர்களுக்காக ஒரு கட்டுரை வந்திருந்தது. இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் ஆசையாகத்தான் உட்கார்ந்து படித்தேன். பாதிக்கு மேல் நல்ல கட்டுரை. ஆனால் ஒரு இடத்தில், வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் வைத்து மட்டையைப் பிடிப்பவர்கள் முதலில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், அந்தப் பிடியில் பந்து ஒருநாளும் ஒழுங்காகப் படாது என்று எழுதியிருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் ஒன்பது வருஷமாக அப்படித்தான் பிடிக்கிறேன்.

கோவை சின்னவேடம்பட்டியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. பம்புகளுக்கு ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைந்து கொடுக்கிறோம். 1991இல், எனக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும்போது, வேலை பார்த்த இடத்தில் பவர் பிரஸ்ஸில் இடக்கை மாட்டிக்கொண்டது. விரல்கள் தப்பின. ஆனால் மோதிர விரலும் சுண்டுவிரலும் அன்றோடு மடங்குவதை நிறுத்திவிட்டன. அந்தக் கையால் சாவியைத் திருப்பலாம், ஸ்பேனரைப் பிடிக்கலாம். தண்ணீர் வாளியைத் தூக்கினால் நழுவிவிடும்.

நாற்பத்தேழு வயதில் சர்க்கரை வந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். வாடிக்கையாளர் ஒருவர், சும்மா நடப்பதற்குப் பதில் என்னோடு வந்து நடங்கள் என்று செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அப்படித்தான் ஆரம்பித்தது.

வலக்கைக்காரர்களுக்குச் சொல்லித்தருகிற வழக்கமான பிடியில் இடக்கை மேலே இருக்கும். அந்தக் கையின் கடைசி மூன்று விரல்கள்தான் மட்டையைத் தாங்குகின்றன. அந்த மூன்றில் இரண்டு எனக்கு வேலை செய்யாது. முதலில் சொல்லிக்கொடுத்தவரிடம் கையைக் காட்டியே சொன்னேன். பழகப் பழக வந்துவிடும் என்றார். நான்கு மாதம் பழகினேன். வீச்சு முடிகிற இடத்தில் மட்டை கைக்குள் சுழலும். ஒரு நாள் கையை விட்டே பறந்து பத்தடி தள்ளி விழுந்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லாதது நல்ல நேரம். அன்று இரவு வீட்டு மொட்டை மாடியில் வலக்கையை மேலே கொண்டுபோய், இடக்கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால் கீழே பிடித்து வீசிப் பார்த்தேன். மட்டை அசையவில்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

சரி, மட்டை கையில் நின்றுவிட்டது. பந்து சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. செவன் அயர்ன் என்கிற இரும்புத் தலை மட்டையை எடுத்தால் பந்தைத் தொடும் முன்பே மண்ணில் இறங்கும். பந்து முப்பது கெஜம் தத்தித் தத்திப் போகும். சில நாள் மட்டையின் குதிகாலில், அதாவது தண்டு வந்து சேருகிற மூலையில், பட்டு வலப்பக்கம் கோணலாகத் தெறிக்கும். ஷாங்க் என்பார்கள். அதிக தூரம் அடிக்கிற டிரைவர் மட்டையில் அடித்தால் வலப்பக்கம் கிளம்பி இன்னும் வலப்பக்கமாக வளையும். கூட ஆடியவர்கள், பார்த்தவர்கள், யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: பிடியை மாத்துங்க. இரண்டு வருஷம் இதே பதில். நானும் பிடிதான் காரணம் என்று நம்பிக்கொண்டேதான் ஆடினேன்.

என் தொழிலில் நடப்பதை இங்கே சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் சொல்ல வருவது புரியாது. நூறு ஷாஃப்ட் கடைகிறோம். அளந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, ஒன்று கூட, ஒன்று குறைவு. அப்படியென்றால் பயப்பட வேண்டும். பேரிங் போயிருக்கலாம், சக் பிடிப்பு தளர்ந்திருக்கலாம், மெஷினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நூறும் ஒரே மாதிரி இருபது மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, கூடுதலாக வந்தால்? எந்தக் கடைசல்காரனும் மெஷினைப் பிரிக்க மாட்டான். மெஷின் நன்றாக இருக்கிறது, சொன்னதைச் சொன்னபடி செய்கிறது, நாம் சொன்னதுதான் தப்பு. வெட்டுகிற டூல் நிற்கும் இடத்தைத் திருத்துகிற டூல் ஆஃப்செட்டில் இருபது மைக்ரானைக் கழித்துவிட்டு அடுத்த ஜாப்பைப் போடுவான். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வருகிற தப்பு நமக்கு நல்ல சேதி. இதை முப்பது வருஷமாகப் பட்டறையில் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, கோல்ஃப் மட்டையைப் பிடித்தபோது ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தவர் மைதானத்தில் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கி வருகிற ஒரு கேடி அண்ணன். நாற்பது வருஷம் அதே வேலை. அவர் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் என் பையை எடுத்துக்கொண்டு வந்தவர், நான் மூன்று குழி அடிக்கிற வரைக்கும் வாயே திறக்கவில்லை. நாலாவது குழியில் கேட்டார்: "ஏனுங்க, அந்தத் தோளை எதுக்குங்க அப்படி அமுக்கறீங்க?"

வலத்தோள் இறங்கியிருக்க வேண்டும் என்று படத்தில் பார்த்தேன் என்றேன்.

"அது வலக்கை கீழ இருக்கறவங்களுக்குங்க. கை கீழ போனா தோளும் கூடவே இறங்கும். உங்களுக்கு வலக்கை மேலயில்லீங்களா இருக்குது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிடியை மட்டும் மாற்றிவிட்டு, நிற்கிற விதம், பந்தை வைக்கிற இடம், தோளின் சாய்வு எல்லாவற்றையும் வழக்கமான பிடிக்காரர்களின் படத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மெஷினின் புரோகிராமை இன்னொரு மெஷினில் ஏற்றிவிட்டு, ஜாப் தப்பாக வருகிறதே என்று மெஷினைத் திட்டுகிற வேலை.

அடுத்த ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு சுல்தான்பேட்டை பக்கம் என் மச்சான் தோட்டத்துக்குப் போனேன். தென்னைக்கு நடுவில் சாளையை ஒட்டிக் கொஞ்சம் வெறும் நிலம் உண்டு, செம்மண். அளப்பதற்கு வேண்டிய சாமான் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. ஒரு பொட்டலம் கோலமாவு, ஒரு டப்பா முகப்பவுடர், பட்டறையிலிருந்து ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்.

மண்ணைத் தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் இளக்கினோம். கோலமாவால் குறுக்கே ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டில் பந்து இருப்பதாக வைத்துக்கொண்டு, பந்து இல்லாமல் வீச வேண்டும். மண் எங்கே வெட்டுப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அயர்ன் மட்டைகளில் அந்த வெட்டு கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கமாகப் போக வேண்டும். பந்து முதலில், மண் அப்புறம். நான் இருபது தடவை வீசினேன். பதினாறு வெட்டு கோட்டுக்கு நாலு விரற்கடை பின்னால் தொடங்கியிருந்தது. சிதறலே இல்லை. பதினாறும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ரெண்டு வருஷமாக உன் பிடி உருப்படாது என்று கேட்டுக்கொண்டிருந்த ஆளிடம், மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, இருபது மைக்ரான் கழி என்று சொன்ன மாதிரி இருந்தது.

வலத்தோளை வலுக்கட்டாயமாக அமுக்கினால் முதுகுத்தண்டே இலக்குக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. வீச்சு மிகத் தாழ்வாக வருகிற புள்ளியும் கூடவே பின்னால் போய்விடுகிறது. வலக்கை மேலே இருக்கிறவனுக்குத் தோள்கள் இரண்டும் ஏறக்குறைய மட்டமாகத்தான் நிற்கும், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். விட்டேன். பந்தையும் ஒரு பந்து அகலம் வலக்காலை நோக்கித் தள்ளி வைத்தேன். கோல்ஃப் பந்தின் குறைந்தபட்ச விட்டம் 42.67 மில்லிமீட்டர். அவ்வளவுதான் நகர்த்தியது. அடுத்த இருபதில் பதின்மூன்று கோட்டிலோ கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கமோ வெட்டியது. கையைத் தொடவே இல்லை.

குதிகாலில் படுவதற்குப் பவுடர். மட்டையின் முகத்தில் லேசாகத் தூவி அடித்தால் பந்து பட்ட இடத்தில் வட்டமாக அழியும். என் வட்டங்கள் எல்லாம் நடுவிலிருந்து குதிகால் பக்கம் ஒதுங்கியிருந்தன. காரணம் பிடி அல்ல, பாதம். வீச்சு கீழே வரும்போது என் எடை முன்விரல்களுக்குப் போய், உடம்பு அரை அங்குலம் பந்தை நோக்கிச் சாய்ந்தது. பந்துக்கு அந்தப் பக்கம், ஒரு விரல் இடைவெளி விட்டு ஒரு தீப்பெட்டியை நிற்க வைத்தார் கேடி அண்ணன். தீப்பெட்டியைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். பதினைந்து தீப்பெட்டி நசுங்கியது. அப்புறம் நசுங்கவில்லை.

டேப், மட்டையின் அடித்தட்டில் ஒட்டுவதற்கு. ஒரு பலகை மேல் பந்தை வைத்து அடித்தால் டேப்பில் தேய்ந்த தடம் விழும். தடம் நடுவில் விழுந்தால் மட்டையின் சாய்வு உங்களுக்குப் பொருத்தம். மூக்குப் பக்கம், அதாவது தண்டுக்கு எதிர் முனையில், விழுந்தால் உங்களுக்கு மட்டை அளவுக்கு மேல் படுத்திருக்கிறது, குதிகால் பக்கம் விழுந்தால் அளவுக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது. கைகள் இடம் மாறினால் மணிக்கட்டின் உயரம் மாறும், அதனால் கடையில் வாங்கின மட்டை அப்படியே பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் மட்டைகள் அடித்து உருவாக்குகிற ஃபோர்ஜிங் வகை, வளைந்து கொடுத்தன. வார்ப்பு மட்டை வைத்திருப்பவர்கள் பட்டறை வைஸில் கட்டி வளைக்கப் பார்க்காதீர்கள், உடையலாம். வார்ப்பை வளைத்தால் என்ன ஆகும் என்று கோயமுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டிரைவர் வலப்பக்கம் போனதுக்கு, பிடியை மாற்றாமல் அதே பிடியில் இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு பொடி வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மட்டையின் முகம் பார்க்கிற திசைதான். என் மட்டையின் முகம் வலப்பக்கம் பார்த்துத் திறந்தே இருந்தது. அப்புறம் கைப்பிடி ரப்பருக்கு அடியில் இரண்டு சுற்று டேப் கூடுதலாகச் சுற்றித் தடிமனாக்கினேன். மடங்காத விரல்களுக்கு மெல்லிய பிடியை இறுக்குவதே போராட்டம். அந்த இறுக்கம் முழங்கை வரைக்கும் ஏறி, கை சுருங்கி, பந்தின் தலையில் தட்டும். தடிமனான பிடியில் அது தானாகவே தளர்ந்தது. இப்போதும் வலப்பக்கம் போகிற பந்துகள் உண்டு. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து மைதானத்தில் வீசும்போது எல்லாருக்கும்தான் போகிறது.

ஒரே சமயத்தில் இத்தனையையும் நான் செய்யவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒரு ஞாயிறுக்கு ஒரு மாற்றம். அதை அளந்து, நோட்டில் எழுதி, அடுத்த ஞாயிறு அடுத்தது. ஐந்து மாதம் ஆனது. கோடையில் நிலம் கெட்டியாகிவிட்டால் அளவே எடுக்க மாட்டோம். கெட்டி நிலத்தில் பந்தைத் தொடும் முன்பே இறங்கிய மட்டை மண்ணை வெட்டாமல் துள்ளி வந்து பந்தின் நடுவில் இடிக்கும். பார்த்தால் மேலே தட்டின மாதிரி இருக்கும், உண்மையில் பந்தைத் தொடும் முன்பே இறங்கினதுதான். இது தெரியாமல் நோய்க்கு நேர்மாறான மருந்து சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கட்டுரையில் இந்தப் பிடியில் யாரும் ஜெயித்ததில்லை என்கிற தொனி இருந்தது. அது சரியில்லை. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதியின் டர்பனில் சேவ்சங்கர் சேவ்கோலம் என்று ஒருவர் இருந்தார், பாப்வா என்று கூப்பிடுவார்கள். இந்திய வம்சாவளிக்காரர். பை தூக்கியே ஆட்டம் கற்றவர். 1860இல் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் போய்ச் சேர்ந்த அதே நேட்டால் மண். அவர் மட்டையைப் பிடித்தது என்னைப் போலத்தான், இடக்கை கீழே. அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என்று மூன்று தடவை டச்சு ஓப்பனை ஜெயித்தார். 1963இல் நேட்டால் ஓப்பனை ஜெயித்தபோது, வெள்ளையர் அல்லாதவர் என்று கிளப் கட்டடத்துக்குள் விடாமல், மழையில் வெளியே நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965இல் அதே போட்டியை, அந்த நாட்டின் பெரிய வெள்ளைக்கார ஆட்டக்காரரான கேரி பிளேயர் ஆடும்போதே மறுபடி ஜெயித்தார். அதற்கப்புறம் அரசாங்கமே அவரை ஆடவிடாமல் செய்தது. அவரை நிறுத்தியது சட்டம், பிடி அல்ல. அமெரிக்காவில் சார்லி ஓவன்ஸ், ராணுவத்தில் பாராசூட்டில் குதித்து முழங்கால் மடங்காமல் போனவர், இதே பிடியில் 1986இல் ஐம்பது வயது ஆனவர்களுக்கான மூத்தோர் சுற்றில் இரண்டு போட்டிகளை ஜெயித்தார். இந்த இரண்டு பேரைப் பற்றியும் எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாலு மாதத்திலேயே தெரிந்திருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்!

வழக்கமான பிடி என்று சொல்வதுகூட ஒன்றல்ல. ஹாரி வார்டன் பெயரில் வழங்குகிற பிடியில் வலது சுண்டுவிரல் இடக்கை விரல்களின் மேல் ஏறி உட்காரும். ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும் வலது சுண்டுவிரலையும் இடது ஆள்காட்டி விரலையும் கோத்துக்கொள்கிறவர்கள். 1959இல் மாஸ்டர்ஸ் என்கிற பெரிய போட்டியை ஜெயித்த ஆர்ட் வால், பத்து விரலும் மட்டையில் படப் பிடித்தவர். விதிப் புத்தகத்தில் எந்தக் கை மேலே இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. பந்தைத் தள்ளக்கூடாது, வாரக்கூடாது, நியாயமாக அடிக்க வேண்டும், 2016 முதல் மட்டையின் கைப்பிடி நுனியை உடம்பில் ஊன்றிக்கொண்டு வீசக்கூடாது. இவ்வளவுதான்.

எல்லாரும் என்னைப் போலப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். பத்து விரலும் நன்றாக இருக்கிற ஒரு பையன் முதல் நாள் மட்டையைத் தொடும்போது வழக்கமான பிடியைச் சொல்லிக்கொடுப்பதுதான் முறை. அவனுக்கு உதவ ஆயிரம் பேர் இருப்பார்கள், படம் இருக்கும், வாத்தியார் இருப்பார். என் பிடியில் மட்டையை மேலே கொண்டுபோகிறபோது வீச்சு குட்டையாகிவிடுகிறது, தூரம் குறைகிறது, அதை நான் மறைக்கவில்லை. நான் கேட்பது, ஏற்கெனவே வேறு மாதிரி பிடித்துப் பழகியவரை, அதிலும் கையில் குறை உள்ளவரை, முதல் வார்த்தையிலேயே பிடியை விடு என்று சொல்லி அனுப்பாதீர்கள். பத்து நிமிஷம் செலவு செய்து, ஒரு கோடு போட்டு, கொஞ்சம் பவுடர் தூவி, தப்பு சிதறுகிறதா, ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் விழுந்தால் அந்தப் பிடி வேலை செய்கிறது. சிதறினால், அப்போது பிடியைப் பேசலாம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் அந்தக் கேடி அண்ணனின் பேத்தி. பன்னிரண்டு வயசு. தாத்தாவோடு சுற்றியே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்ட குழந்தை. தானாகவே இடக்கையைக் கீழே வைத்துத்தான் அடிக்கிறாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சிக்குச் சேர்க்கப் போன இடத்தில், பிடியை மாற்றினால் வா, இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகளும் கெட்டுவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் மூன்று வாரம் அந்தப் பிள்ளை மட்டையைத் தொடவில்லை. நம் கட்டுரையை அவள் அப்பா படித்துவிட்டு, பேப்பரிலேயே போட்டிருக்கிறான் பார் என்று அவளிடம் காட்டியிருக்கிறார். ஆசிரியர் அவர்களே, அச்சில் வந்த ஒரு வரிக்கு எங்கள் ஊர்களில் எவ்வளவு எடை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதே பக்கத்தில், வேறு விதமாகப் பிடிப்பவர்களுக்காகவும் அரைப் பக்கம் ஒதுக்கி, அவர்களுக்கு வருகிற தப்புகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள். அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு நான் சொன்னால் ஏறாது, பேப்பரில் வந்தால் ஏறும்.

போன சனிக்கிழமை அவளைச் சமாதானம் பண்ணித் தோட்டத்துக்குக் கூட்டி வந்தோம். "கண்ணு, இருவது பந்து மட்டும் அடி சாமி, எங்க விழுதுன்னு பாக்க வேண்டாம்" என்றார் தாத்தா. அடித்தாள். மட்டையைத் திருப்பிப் பார்த்தோம். இருபதில் பதினான்கு தடம் முகத்தின் அடி விளிம்பில், ஒரு ஐந்து ரூபாய்க் காசு மறைக்கிற இடத்துக்குள். பந்து இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளி இருக்கிறது என்று நினைக்கிறேன், தாத்தா முழங்கால் நிமிர்கிறது என்கிறார். இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோடு போட்டுப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரர்,
சின்னவேடம்பட்டி, கோவை